சாம்பிள் கோழி

அந்த நாற்காலி வேண்டாம் அம்மணி, அதற்குப் பின்னங்கால் ஒன்று ஆடுகிறது. உங்களுக்கு முன்னால் உட்கார்ந்தவர் ஊசியைத் தாங்கிக்கொண்டார், நாற்காலிதான் அவரைத் தாங்கவில்லை. இங்கே வாருங்கள், காற்றாடி நேராக அடிக்கும். அரை மணி நேரம் உட்காரச் சொல்லியிருப்பார்களே? எனக்குப் பதினொன்று எட்டுக்குப் போட்டார்கள். ஆகப் பதினொன்று முப்பத்தெட்டு வரை நான் எங்கேயும் போக முடியாது. நீங்களும் போக முடியாது. பேசுகிறவனுக்கு இப்படி ஓர் ஏற்பாடு கிடைப்பது அபூர்வம்.

உங்களுக்கு இது இரண்டாவதா? முதலாவதற்கும் இதற்கும் எத்தனை நாள்? ‘ஒரு மூணு மாசம் இருக்கும்’ என்று சொல்லக் கூடாது. மூன்று மாதம் என்பது தொண்ணூறும் ஆகும், தொண்ணூற்றிரண்டும் ஆகும், பிப்ரவரி நடுவில் வந்தால் எண்பத்தொன்பதும் ஆகும். போனை எடுத்துப் பாருங்கள். தொண்ணூற்றொன்றா? நல்லது. எண்பத்து நான்குக்கு மேல் ஏழு. யாரும் குறை சொல்ல முடியாது.

என்னுடையது முந்நூற்று எழுபத்து மூன்று.

சிரியுங்கள், பரவாயில்லை. நர்சம்மா பரிமளம்கூடக் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, “ஏனுங்க, இதுல வருசம் தப்பா விழுந்திருக்குதுங்களா?” என்று கேட்டார். வருடம் சரிதான். தப்பாக விழுந்தவன் நான்.

அதோ, ஜன்னலுக்கு வெளியே புங்கமரத்தடியில், பச்சைச் சேலை, கையில் கூடை. அவள் சம்பூரணம், என் மனைவி. போன ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு என்னைத் தனியாக எங்கேயும் ஊசி போட அனுப்புவதில்லை. போன ஞாயிறு நடந்ததைக் கடைசியில் சொல்கிறேன். எதற்கும் வரிசை முக்கியம்.

நான் ஊசிக்குப் பயந்தவன் என்று நினைத்துவிடாதீர்கள். நானும் என் ஆட்களுமாக முப்பத்தொரு வருடத்தில் மூன்று கோடித் தவணை கொடுத்திருக்கிறோம். கோழிக்கு. என் பெயர் அர்த்தநாரி. கோழிப்பண்ணையில் தடுப்பூசி சூப்பர்வைசர். நாமக்கல் பக்கம் வீட்டுக்கு ஒரு கோழிப்பண்ணை என்று வெளியூர்க்காரர்கள் சொல்வார்கள். அது மிகை. இரண்டு வீட்டுக்கு ஒன்றுதான்.

கோழியில் இது சின்ன விஷயம் இல்லை. குஞ்சு பொரித்த ஏழாம் நாள் கண்ணில் ஒரு சொட்டு. இருபத்தெட்டாம் நாள் குடிதண்ணீரில் இரண்டாம் தவணை. எல்லாம் வெள்ளைக்கழிச்சல் நோய் வராமல் இருக்க. சொட்டு யார் வேண்டுமானாலும் விடலாம். நடுவில் இருக்கிற நாளைத்தான் எல்லோராலும் விட முடியாது. ஏனென்றால் குஞ்சு பிறக்கும்போதே தாய்க்கோழியிடமிருந்து கொஞ்சம் எதிர்ப்புச் சக்தியை வாங்கிக்கொண்டு வருகிறது. அது தெம்பாக இருக்கும்போது மருந்தைக் கொடுத்தால், பழைய சக்தி புது மருந்தைத் தின்று தீர்த்துவிடும். மாமியார் இருக்கிற அடுப்படியில் மருமகள் சமையல் மாதிரி. அது இறங்கும் வரை காத்திருக்க வேண்டும். ரொம்பக் காத்திருந்தால் நோய் முந்திக்கொள்ளும்.

இறங்கிவிட்டதா என்று எப்படித் தெரியும்? ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும். பத்தாயிரம் கோழி இருக்கிற செட்டில், கொட்டகையைத்தான் சொல்கிறேன், இருபது கோழி. நாலு மூலையிலும் நடுவிலுமாகப் பிடிக்க வேண்டும். கதவோரம் கைக்கு அகப்பட்டதைப் பிடிக்கக் கூடாது. கைக்கு அகப்படுகிற கோழி மற்ற கோழி மாதிரி இருக்காது, இருந்தால் அது ஏன் அகப்படுகிறது? இதை எத்தனை ஆட்களைத் திட்டித் திட்டிச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன் தெரியுமா. நீங்கள் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.

இன்னொன்று. தண்ணீரில் மருந்து கலக்கும்போது கொஞ்சம் நீலச் சாயமும் கலப்போம். கோழி குடித்ததா, சும்மா அலகை நனைத்துவிட்டு வந்ததா என்று பார்க்க. இரண்டு மணி நேரம் கழித்துச் செட்டுக்குள் போய் வாயைத் திறந்து பார்த்தால் நாக்கு நீலமாக இருக்கும். நூற்றுக்குத் தொண்ணூறு நாக்கு நீலமாக இருந்தால் நான் சாப்பிடப் போவேன். இல்லாவிட்டால் யாரும் சாப்பிடப் போக முடியாது. சம்பூரணம் அதே பண்ணையில் முட்டை தரம் பிரிக்கிறவள். எத்தனையோ நாள் நாக்குப் பார்க்க அவளும் வந்திருக்கிறாள். அவள் என்னைவிட வேகமாகப் பார்ப்பாள்.

இந்த முப்பத்தொரு வருடத்தில் ஒரே ஒரு தடவை என் தேதி தப்பியது. அப்போது எனக்கு வேலை புதிது. பெரிய முதலாளிக்கு அவசரம், பக்கத்துப் பண்ணையில் நோய் என்று கேள்விப்பட்டுவிட்டார், எட்டு நாள் முன்னாடியே இரண்டாவதைக் கொடு என்றார். கொடுத்தேன். ஆறாயிரம் கோழி. குழி வெட்டி, சுண்ணாம்பு போட்டு... சரி, அது இங்கே வேண்டாம். ஊசி போட்ட கையோடு கேட்கிற விஷயம் இல்லை. அன்றிலிருந்து நான் எதையும் முன்னாடியே செய்ததில்லை என்பது மட்டும் இந்தக் கதைக்குப் போதும். பஸ்ஸுக்குக்கூட.

இந்த நோய்க்கு ஊசி வருவதற்கு ஒரு வருடம் முன்னால் எனக்கு ஓய்வு கொடுத்தார்கள். சின்ன முதலாளி படித்தவர். கால்நடை மருத்துவம் படித்த ஒரு டாக்டரம்மாவை வேலைக்கு வைத்தார். நிவேதா என்று பெயர். எனக்குச் சின்ன முதலாளி சால்வை போட்டு, சுவர்க்கடிகாரம் கொடுத்து, “தினமும் வந்துட்டுப் போங்க, உங்க பண்ணை” என்றார். மரியாதைக்குச் சொல்கிற வார்த்தை. நான் உத்தரவாக எடுத்துக்கொண்டேன். தினமும் போனேன். தீவனக் கிடங்கு வாசலில் எனக்கு ஒரு நாற்காலி இருந்தது. இதைவிட நல்ல நாற்காலி. அங்கே உட்கார்ந்து யாராவது ஏதாவது கேட்பார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வருடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. தீவன மில்லில் வேலை செய்கிற வேலுச்சாமி, சம்பூரணத்தின் தம்பி, ஒருநாள் நேரம் என்ன என்று கேட்டான். அவ்வளவுதான்.

அப்புறம் தடுப்பூசி வந்தது.

நீங்கள் நம்பமாட்டீர்கள், ஒரே வாரத்தில் என் நாற்காலிக்கு முன்னால் கூட்டம். பண்ணையில் முப்பத்தெட்டுப் பேர். எல்லோருக்கும் சந்தேகம். ரெண்டு ஊசி எதுக்கு, ஒரே ஊசியில ரெட்டையாப் போட்டா என்ன, நடுவுல கறி திங்கலாமா. இதற்கெல்லாம் பதில் சொல்ல ஊரில் என்னை விட்டால் யார்? நான்தான் எல்லோரையும் கூட்டிப்போய் முதல் ஊசி போட வைத்தேன். சித்திரை மூன்று. எனக்கும் அன்றைக்குத்தான். என்னைக் கண்டுதான் தைரியம் வந்தது என்று ஆட்கள் சொன்னார்கள். சொன்னார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

அப்போதே இடைவெளி ஒரு நிலையில் இல்லை. முதலில் நாலு வாரம் என்றார்கள். எங்கள் முறை வந்தபோது ஆறிலிருந்து எட்டு. எட்டாவது வாரத்தை எட்டிப் பிடிப்பதற்குள் பன்னிரண்டிலிருந்து பதினாறு. ஊரே திட்டியது. நான் மட்டும் உள்ளுக்குள் மகிழ்ந்தேன். பார்த்தீர்களா, நாள் தள்ளித்தான் போகிறது, யாரும் முன்னே இழுக்கவில்லை. காத்திருக்கிறவனுக்குத்தான் நல்ல நாள். மேலே உட்கார்ந்திருக்கிற விஞ்ஞானிகளும் தீவனக் கிடங்கு வாசலில் உட்கார்ந்திருக்கிற நானும் ஒரே திசையில் யோசிக்கிறோம் என்று எனக்குத் தோன்றியது.

ஆனியில் எண்பத்து நாலாம் நாள் வந்தது. சம்பூரணம் காலையில் கேட்டாள். “ஏனுங்க, இன்னிக்குப் பள்ளிக்கூடத்துல ஊசி போடறாங்களாமா. போலாங்களா?”

“ரத்தம் பாக்காம எப்படிப் போடறது?”

“ஆருக்கு ரத்தம்?”

“நமக்குத்தான். மொத ஊசியோட சக்தி எறங்கிருச்சான்னு பாக்கோணும். எறங்காமப் போட்டா வீண்.”

“நர்சம்மா அப்படியொண்ணும் சொல்லலீங்களே.”

“நர்சம்மா எத்தனை கோழிக்குப் போட்டிருக்கு?”

அவள் “செரிங்க” என்றாள்.

பண்ணைக்குப் போய் எல்லோரிடமும் சொன்னேன். ரத்தம் பார்த்துவிட்டு நான் தேதி சொல்கிறேன், அதுவரை யாரும் போட வேண்டாம், பேட்ச்சுக்கு ஒரே நாள்தான், பாதிக் கோழிக்கு இன்றைக்கும் பாதிக்கு நாளைக்கும் யாராவது கொடுப்பார்களா? முப்பத்தெட்டுப் பேரும் “செரிங்க” என்றார்கள். வேலுச்சாமி மட்டும், “மச்சான், கோழி முட்டையிடும். நாமளுமா?” என்றான். அவன் எப்போதும் அப்படித்தான். கொஞ்சம் முறைத்ததும் அவனும் “செரிங்க மச்சான்” என்றான்.

நீங்கள் எந்த ஊர் அம்மணி? மதுரைப் பக்கமா? அப்படியானால் உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் ‘செரிங்க’ என்றால் நீங்கள் சொன்னது காதில் விழுந்தது என்றுதான் பொருள். ஒத்துக்கொண்டேன் என்று பொருள் இல்லை. இங்கேயே பிறந்து அறுபத்தொரு வருடம் இருந்த எனக்கு இது தெரியாமல் இல்லை. மற்றவர்களிடம் சொல்லும்போது தெரியும். என்னிடம் சொல்லும்போது தெரியாது.

டவுனில் ஒரு லேப்பில் ரத்தம் கொடுத்தேன். முப்பத்தெட்டுப் பேருக்கும் எடுக்க முடியுமா? சாம்பிள் எடுப்பதுதானே முறை. ஆகவே ஒருவர். ஆகவே நான். நானாக முன்வந்து கொடுத்ததால் அதில் எனக்கு ஒரு தியாக உணர்ச்சியும் இருந்தது. முடிவு வந்தது. எதிர்ப்புச் சக்தியின் எண் மிக அதிகம். லேப் பெண் சொன்னாள், “ஐயா, இவ்வளவு நான் பார்த்ததே இல்லை.” பத்தாம் வகுப்பில்கூட எனக்கு யாரும் அப்படிச் சொன்னதில்லை. காகிதத்தைத் தீவனக் கிடங்குச் சுவரில் ஒட்டினேன். இறங்கவில்லை, காத்திருப்போம்.

ஆடியில் மறுபடி ரத்தம். கொஞ்சம் இறங்கியிருந்தது, போதாது. ஆவணி. புரட்டாசி. ஒவ்வொரு மாதமும் ஒரு காகிதம். ஒவ்வொன்றையும் தேதி வாரியாக ஒட்டி, புள்ளி வைத்து, கோடு இழுத்து, கோடு எந்த மாதம் கீழே வரும் என்று குச்சியால் காட்டி விளக்குவேன். ஆட்கள் வேலையை நிறுத்திக் கேட்பார்கள். டாக்டரம்மா ஒருநாள் வந்து நின்று பார்த்தார். “ஐயா, மனுசங்களுக்கு இப்படிப் பார்க்கச் சொல்லலையே” என்றார். வயது இருபத்தாறு. நான் சிரித்தேன். அவர் ஏதோ சொல்ல வந்து, சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், போய்விட்டார்.

மார்கழி வரை ஏழு தடவை. நன்றாகக் கவனியுங்கள். ஒரு ஊசியைத் தள்ளிப்போட நான் ஏழு ஊசி குத்திக்கொண்டேன். மூன்று கோடிக் கோழியில் ஒன்றுகூட இந்தக் காரியத்தைச் செய்யாது.

தை மாதம் பொங்கல் கழிந்து நாலாம் நாள் சம்பூரணத்துக்குக் காய்ச்சல் வந்தது. முதல் நாள் கஷாயம் குடித்துவிட்டு முட்டை பிரிக்கப் போனாள். இரண்டாம் நாள் படுத்தாள். அவள் படுத்து நான் பார்த்தது இரண்டு பிரசவத்தின்போதுதான். மூன்றாம் நாள் விடியலில் மூச்சு வாங்கியது. வேலுச்சாமி கார் கொண்டுவந்தான். பெரிய ஆசுபத்திரிக்குப் போனோம். சுவரில் ஒட்டிய காகிதங்களுக்கு நகல் வைத்திருந்த கோப்பு ஒன்றையும் எடுத்துக்கொண்டேன். ஏழு காகிதம், வரைபடம், எல்லாம். டாக்டர் கேட்டால் காட்ட வேண்டுமே.

டாக்டர் கேட்கவில்லை. வாசலில் எழுதுகிற நர்சு கேட்டார். முகத்தை நிமிர்த்தவே இல்லை. பேர், வயசு, சர்க்கரை, அப்புறம், “ரெண்டு ஊசியும் போட்டிருக்காங்களா?”

நான் கோப்பைத் திறந்தேன். “அதுல ஒரு கணக்கு இருக்குதுங்க. மொதல் ஊசியோட சக்தி...”

“போட்டாச்சா, இல்லீங்களா?”

நான் திரும்பிப் பார்த்தேன். சக்கர நாற்காலியில் சம்பூரணம் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாள். வாயைக் கொஞ்சம் திறந்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். எனக்குச் சுண்ணாம்பு வாசம் அடித்தது. ஆசுபத்திரியில் பினாயில்தான் இருந்திருக்கும், சுண்ணாம்பு எங்கிருந்து வரும்? ஆனால் எனக்கு அடித்தது. மூக்கு மூடிக்குள் அடித்தது. காற்றில் வராத வாசம் அது. அன்றைக்கு எட்டு நாள் முன்னால் கொடுத்தேன். இன்றைக்கு இருநூறு நாள் பின்னால். இரண்டும் ஒரே குழியில்தான் போய் முடியுமா என்று... விடுங்கள். மணி என்ன? பதினொன்று இருபதா? இன்னும் நேரம் இருக்கிறது.

அப்போது அவள் இரண்டு விரலைத் தூக்கினாள்.

“போட்டாச்சுங்க” என்றாள் நர்சிடம். “ரெண்டும். ஆனி மாசமே.”

நர்சு எழுதிக்கொண்டார். எனக்குப் புரியவில்லை. காய்ச்சலில் உளறுகிறாள் என்று நினைத்தேன். வேலுச்சாமியைப் பார்த்தேன். அவன் ஆசுபத்திரிக் கூரையில் ஏதோ முக்கியமான விஷயம் எழுதியிருக்கிற மாதிரி மேலே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் அவளுடைய போனை அவளிடம் கேட்டு வாங்கி, சர்டிபிகேட்டை எடுத்து நர்சிடம் நீட்டினான். அவன் விரல் எங்கே அமுக்க வேண்டும் என்று தேடவே இல்லை.

“நீயும் போட்டியா மாப்ள?”

“ஆமாங்க மச்சான்.”

“வேற ஆரு?”

“எல்லாருந்தானுங்க.” நர்சிடமிருந்து போனைத் திருப்பி வாங்கிக்கொண்டே, “சின்ன மொதலாளி வேன் வெச்சாருங்க. அன்னிக்கே, எம்பத்தி நாலாம் நாளே” என்றான்.

“அன்னிக்கு நான் எங்க இருந்தேன்?”

“நீங்க ரத்தம் குடுக்கப் போயிருந்தீங்க.”

ஆக, சம்பூரணத்தையும் சேர்த்து முப்பத்தெட்டுப் பேர், மொத்தப் பேட்ச்சும் நான் லேப்பில் கையை நீட்டிக்கொண்டிருந்த அந்த ஒரு மணி நேரத்தில் ஊசி போட்டுக்கொண்டு, மத்தியானம் வேலைக்குத் திரும்பியிருக்கிறது. ஏற்கெனவே ஊசி போட்டுக்கொண்ட கூட்டத்துக்கு நான் ஆறு மாதம், ஊசி எப்போது போடலாம் என்று பாடம் நடத்தியிருக்கிறேன். அவர்கள் நின்று கேட்டிருக்கிறார்கள். குச்சி வைத்துக் காட்டியிருக்கிறேன்.

இதை நான் எப்படிக் கவனிக்கவில்லை என்று கேட்பீர்கள். ஆனியில் அவர்கள் ஊசி போட்டுக்கொண்ட அடுத்த நாள் பண்ணையில் முட்டை பொறுக்க ஒரு மணி நேரம் தாமதமானது. எல்லோரும் இடது கையைத் தொங்கவிட்டுக்கொண்டு வலது கையால் பொறுக்கினார்கள். சம்பூரணம் வீட்டில் குடத்தை வலது இடுப்பில் வைத்தாள். ஏன் என்று கேட்டதற்கு, “முட்டை அட்டை தூக்கினதுல புடிச்சுக்கிச்சுங்க” என்றாள். ஒரு செட்டில் ஒரே நாளில் ஐந்து கோழி ரெக்கையைத் தொங்கவிட்டால் நான் ராத்திரி தூங்கமாட்டேன். இங்கே முப்பத்தெட்டுப் பேர். நான் நோட்டில் என்ன எழுதினேன் தெரியுமா? ‘ஆட்களுக்குச் சோம்பல்’. மனிதர்களுக்கு நாக்கு நீலமாவதில்லை, அதுதான் குறை. ஆகியிருந்தால் அன்றைக்கே பிடித்திருப்பேன்.

சம்பூரணத்துக்கு ஒரு ராத்திரி மட்டும் ஆக்சிஜன் வைத்தார்கள். ஐந்தாம் நாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். டாக்டர் என்னைப் பார்த்து, “ரெண்டு டோஸ் போட்டிருந்ததால நல்லதாப் போச்சு, நாளைத் தவற விடாமப் போட்டிருக்கீங்க” என்று பாராட்டினார். நான் மறுக்கவில்லை. வேலுச்சாமி இருமினான். அவனுக்கு நோய் எதுவும் இல்லை.

வீட்டுக்கு வந்து, அவள் கஞ்சி குடிக்கிற அளவுக்குத் தேறியதும் கேட்டேன். கோபமாகத்தான் கேட்டேன். “ஏன் எங்கிட்டச் சொல்லல?”

அவள் கஞ்சியை ஊதிக்கொண்டே சொன்னாள். “ஓய்வு குடுத்ததுக்கப்பறம் நீங்க சோறு திங்கறப்பக்கூடச் சொவத்தையே பாத்துட்டு இருந்தீங்க. அந்தக் காயிதம் வந்த அன்னிக்கு ரெண்டாந்தாட்டி சோறு கேட்டீங்க. அதைக் கெடுப்பானேன்னுதான்.”

“மத்தவங்களும் அதுக்குத்தானா?”

“நாந்தான் சொல்ல வேண்டாம்னு சொன்னனுங்க. ‘செரிங்கக்கா’ன்னாங்க.”

அந்த ‘செரிங்க’ மட்டும் ஒத்துக்கொண்ட ‘செரிங்க’வாக இருந்திருக்கிறது. இதில் அவர்கள் செய்தது முறை இல்லை என்பதுதான் இன்றைக்கும் என் கட்சி. கட்டுப்பாடு என்று ஒன்று இருக்கிறது. நான் தேதி சொல்லியிருப்பேன். பங்குனியில் எப்படியும் சொல்லியிருப்பேன்.

அதன் பிறகு டாக்டரம்மாவிடம் கோப்பைக் கொண்டுபோய்க் காட்டினேன். தப்பு எங்கே என்று தெரிய வேண்டுமே. அவர் ஏழு காகிதத்தையும் பொறுமையாகப் பார்த்தார். “ஐயா, இந்த மொதக் காகிதத்துக்கு முன்னால, போன வைகாசி வாக்குல உங்களுக்கு வாய் ருசி போச்சா?” என்றார்.

போகவில்லை என்றேன். அப்புறம் யோசித்தேன். வைகாசியில் நாலு நாள் எங்கள் வீட்டில் ரசச் சண்டை. ரசத்தில் உப்பில்லை, புளியில்லை, தண்ணீர் காய்ச்சி வைத்திருக்கிறாயா என்று நான் கத்தினேன். அவள் உப்புப் போட்டாள். மறுபடி கத்தினேன். மறுபடி போட்டாள். மூன்றாம் நாள் வேலுச்சாமி சாப்பிட வந்து ஒரு வாய் வைத்துவிட்டுக் கிணற்றடிக்கு ஓடினான். அதையும் நான் நடிப்பு என்றேன். ஆக, எனக்கு அப்போதே நோய் வந்து, என் நாக்கோடு போயிருக்கிறது. அதனால்தான் ஆனியில் அந்த எண் அவ்வளவு உயரம். தடுப்பூசி கொடுத்ததல்ல. நோய் கொடுத்த மார்க்.

டாக்டரம்மா இன்னொரு கேள்வியும் கேட்டார், ரொம்ப மரியாதையாக. “எத்தனை சாம்பிள் எடுத்தீங்கய்யா?”

“ஒண்ணு” என்றேன்.

அவர் காகிதங்களை அடுக்கித் திருப்பிக் கொடுத்தார். எனக்கே காதில் கேட்டது. கதவோரம் கைக்கு அகப்பட்ட கோழி.

அப்படியானால் தை மாதமே போய்ப் போட்டுக்கொண்டிருக்க வேண்டியதுதானே என்று நினைப்பீர்கள். சம்பூரணத்தோடு எனக்கும் பரிசோதனை செய்ததில் எனக்கும் நோய் இருந்தது, தும்மல்கூட இல்லாமல். நோய் குணமானால் மூன்று மாதம் கழித்துத்தான் ஊசி என்று விதி. இந்த முறை இடைவெளியை நான் வைக்கவில்லை, அவர்களே வைத்தார்கள். அதற்கு நான் என்ன செய்ய? காலண்டரில் வட்டம் போட்டேன். சம்பூரணம் வட்டத்தைப் பார்த்தாள். “செரிங்க” என்றாள். முதல் தடவையாக, அது எந்தச் ‘செரிங்க’ என்று நான் யோசித்தேன்.

போன ஞாயிறு வந்தேன், தனியாக. பரிமளம் ஊசியில் மருந்தே ஏற்றிவிட்டார். எனக்கு அப்போதுதான் தோன்றியது, எண்பத்தேழு நாள்தான் ஆகிறது. மூன்று நாள் பாக்கி. சொன்னேன். “அண்ணா, மூணு நாள்ல என்னங்க ஆகப்போவுது?” என்றார். மூன்று நாளில் என்ன ஆகும் என்று நான் விளக்க ஆரம்பித்தேன். பின்னால் வரிசையில் இருபது பேர். “இவருக்கு அப்பறம் போட்டுக்கலாம், அடுத்த ஆளு வாங்க” என்று என்னை நகர்த்தினார்கள். நகர்ந்தேன். நகர்ந்து இந்த அறைக்கு வந்து, இதே நாற்காலியில் அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வீட்டுக்குப் போனேன். ஏன் உட்கார்ந்தேன் என்று தெரியவில்லை. எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள்.

வீட்டில் அவள், “போட்டாங்களா?” என்று கேட்டாள். நான், “அரை மணி நேரம் உக்காந்துதான் வந்தேன்” என்றேன். பொய் இல்லை, ஒவ்வொரு எழுத்தும் உண்மை. ராத்திரி அவள் என் போனில் மெசேஜ் வந்ததா என்று பார்த்திருக்கிறாள். வரவில்லை. அவள் அழவில்லை, திட்டவில்லை. “நீங்க எறந்துட்டா அந்தக் காயிதத்தை என்னங்க பண்றது, ஒட்டியே வெக்கறதா, கிழிச்சறதா?” என்று மட்டும் கேட்டாள். விளக்கை அணைத்துவிட்டுக் கேட்டாள். எனக்குச் சொல்லப் பதில் இருந்தது. சொல்லவில்லை. அறுபத்தொரு வருடத்தில் அதுவே முதல் தடவையாக இருக்கும்.

அதனால்தான் இன்றைக்குக் கூட வந்தாள். ஊசி போடுகிற அறைக்குள் துணைக்கு ஆள் விடமாட்டார்கள். அவள் கேட்கவில்லை, வந்துவிட்டாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள். கோழியைக் கூண்டிலிருந்து எடுத்துக் கொடுக்கும்போது இரண்டு ரெக்கையையும் சேர்த்து ஒரு பிடி பிடிப்பார்கள், உதற முடியாது, ஆனால் வலிக்காது. அந்தப் பிடி. நான் முப்பத்தொரு வருடம் ஊசியைப் பிடித்த பக்கமே நின்றவன். பிடிக்கிற கை இவ்வளவு சூடாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. பரிமளம் ஊசியை எடுத்ததும் நான் எண்ண ஆரம்பித்தேன். மூன்று எண்ணுவதற்குள் முடிந்துவிட்டது. அப்புறம்தான் அவள் கையை விட்டுவிட்டு மரத்தடிக்குப் போனாள். ஊசியே போட்டாயிற்று, இனி நான் ஓடினால் என்ன, இருந்தால் என்ன.

உங்களுக்கும் எழுதிக் கொடுத்தார்களா, அடுத்தது ஒன்பது மாதம் கழித்து என்று? இல்லை, அது அறுபது தாண்டியவர்களுக்கு. உங்களுக்கு இன்னும் வயது இருக்கிறது. ஒன்பது மாதம். இதோ சீட்டு. தை மாதம் வரும். பொங்கலுக்கு முன்னாலா, பின்னாலா என்று ஒரு கணக்கு இருக்கிறது. நான் சும்மா யோசிக்கத்தான் செய்கிறேன். இந்தத் தடவை சாம்பிள் இருபது பேராக எடுத்தால்... பாருங்கள், கை பேனாவுக்காகச் சட்டைப்பையைத் தடவுகிறது. இந்தச் சீட்டை நீங்களே வைத்துக்கொள்கிறீர்களா? வேண்டாம், உங்களுக்கு எதற்கு. அவளிடமே கொடுத்துவிடுகிறேன்.

பதினொன்று முப்பத்தெட்டு. அதோ எழுந்துவிட்டாள். அவளிடம் கடிகாரம் இல்லை, ஆனால் எழுந்துவிட்டாள் பாருங்கள்.

வா, வா. இந்த அம்மணி மதுரைக்காரர், சும்மா பேசிக்கொண்டிருந்தோம். ஒன்றும் இல்லை, தலை சுற்றவில்லை, கைதான் கொஞ்சம் கனக்கிறது. இந்தா சீட்டு, நீயே வை.

என்ன? போட்டார்கள் சம்பூரணம். நீதானே பிடித்துக்கொண்டு நின்றாய். நீயே பார்த்தாய். பார்த்தாய் அல்லவா? அப்புறம் எதற்கு?

இங்கேயா? இத்தனை பேர் இருக்கிறார்கள்.

அம்மணி, நீங்கள் கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்ளுங்கள். நாக்கை நீட்டச் சொல்கிறாள்.